சேப்பாக்கம் யாருடைய மைதானம்?

சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தின் புதுப்பிப்பு வேலைகள் முடிந்துவிட்டன. முடிந்த காரியத்தை மீண்டும் கிளறுவானேன் என்று சில நண்பர்கள் நம்மைக் கேட்கிறார்கள். கேலரிகள் எழும்பிவிட்டன, கூரைகள் போர்த்தப்பட்டுவிட்டன, ஆட்டங்கள் நடக்கின்றன, கூட்டத்துக்கும் குறைவில்லை, பின் என்ன குறை என்பது அவர்களுடைய வாதம். ஒரு கட்டடம் முடிந்ததும் அதைப் பற்றிய நியாயமும் முடிந்துவிடுகிறது என்று நாம் கருதவில்லை. கட்டும்போது "அவசர வேலை, தடை சொல்லாதீர்கள்" என்பார்கள். கட்டிய பிறகு "முடிந்து போயிற்று, விட்டுவிடுங்கள்" என்பார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே பொதுஜனங்கள் வாய் திறப்பதற்கென்று ஒரு தினம் எந்தப் பஞ்சாங்கத்திலும் குறிக்கப்படவில்லை. ஆகையால் அந்தத் தினத்தை நாமே குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது நகரத்துக் கனவான்களின் விவகாரம், நமக்கென்ன என்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ளவர்கள் ஒதுங்கியிருக்கலாகாது. சேப்பாக்கத்தின் கேலரிகளைத் தலைமுறை தலைமுறையாக நிரப்பியவர்கள் கடற்கரைச் சாலையில் மாளிகை கட்டி வாழ்ந்தவர்கள் மட்டுமல்லர். தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து, குளித்தும் குளியாமலும் புறநகர் ரயிலேறி, பார்க் டவுனில் வண்டி மாறி, கையில் புளியஞ்சாதப் பொட்டலத்துடன் வெயிலில் ஐந்து நாளும் உட்கார்ந்திருந்த தொழிலாளிகள். பள்ளிக்குச் சொல்லாமல் வந்த பிள்ளைகள். ஒரு வருஷத்து லீவை டெஸ்ட் பந்தயத்துக்கென்று சேர்த்து வைத்த குமாஸ்தாக்கள் - இவர்கள்தான் அந்த மைதானத்தின் பிரஜைகள். அவர்களுடைய பாத்தியதை என்ன ஆயிற்று என்பதே நம் கேள்வி.

மைதானத்தின் பூர்வ சரித்திரத்தைச் சற்று நினைவுகூர்வது அவசியம். 1768-ல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பினார். 1855-ல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்தார். வாரிசு இல்லையேல் பட்டமும் இல்லை என்ற தனது பிரசித்தி பெற்ற தர்மசாஸ்திரத்தைக் கம்பெனி சர்க்கார் இங்கும் பிரயோகித்தது. அரண்மனையும் அதைச் சுற்றிய வெளியும் சர்க்கார் வசமாயின. 1846-ல் தோன்றிய மதராஸ் கிரிக்கெட் கிளப்புக்கு 1860-களில் அவ்வெளியில் இடம் கிடைத்தது. அது வெள்ளையருடைய கிளப். இந்தியர் அதில் அங்கத்தினராக முடியாது. ஆட வந்த இந்தியருக்குப் பெவிலியனில் இடமில்லை. மரத்தடிதான் அவர்களுக்குப் போஜன சாலை. இந்த இழிவைச் சகியாத புச்சி பாபு நாயுடு 1888-ல் இந்தியருக்கென்று மதராஸ் யுனைடெட் கிளப்பை ஸ்தாபித்தார். வெள்ளையரும் இந்தியரும் சரிக்குச் சரியாக மோத வேண்டும் என்று பந்தயத்துக்கு ஏற்பாடு செய்த அவர், 1908-ல் அது நடைபெறுமுன்பே காலமானார். ஆனால் அவர் நட்ட விதை பொய்க்கவில்லை. 1915-16 முதல் பல வருஷங்கள் பொங்கலை ஒட்டி ராஜதானிப் பந்தயம் சேப்பாக்கத்தில் நடந்தது. ஆள்பவனை ஆளப்படுகிறவன் நேருக்கு நேர் நின்று தோற்கடிக்கக்கூடிய ஓர் இடம் உண்டென்பதை ஜனங்கள் அங்கே கண்ணாரக் கண்டார்கள்.

1934 பிப்ரவரியில் சென்னையின் முதல் டெஸ்ட் அங்கே ஆடப்பட்டது. அதே வருஷம் நவம்பர் 4-ந் தேதி ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டமும் அங்கேயே தொடங்கியது. மைசூரை மதராஸ் ஒரே நாளில் முறியடித்தது, ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1952 பிப்ரவரியில் இங்கிலாந்தை ஓர் இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் இந்தியா வென்றதும் அம்மண்ணிலேதான். டெஸ்ட் ஆடத் தொடங்கி இருபது வருஷம் காத்திருந்த தேசத்துக்கு அதுவே முதல் ஜயம். வினு மங்கத் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட் எடுத்தார். சுதந்திரம் அடைந்து ஐந்து வருஷங்கூட நிரம்பாத காலம் அது. மரத்தடியில் உட்கார வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த ஜயத்தைக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தார்கள். இப்படிப்பட்ட இடத்தை வெறும் வியாபார ஸ்தலமாகப் பாவிக்க எவருக்கும் அதிகாரம் கிடையாது.

நாம் புதுப்பிப்புக்கு விரோதிகள் என்று யாரும் எண்ண வேண்டாம். பழைய ஸ்டேடியத்தில் தூண்கள் பார்வையை மறைத்தன. கான்கிரீட் கூரை உஷ்ணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஜனங்களை அவித்தது. கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருந்தும் கடற்காற்று உள்ளே வர வழியில்லை. 2011 உலகக் கோப்பையை முன்னிட்டு 2009-ல் தொடங்கிய வேலையில் ஐ, ஜே, கே என்ற மூன்று புதிய கேலரிகள் எழுந்தன, ஒளி ஊடுருவும் மெல்லிய கூரைகள் வந்தன, தூண்கள் ஒழிந்தன, காற்று புகுந்தது. ஏறத்தாழ 175 கோடி ரூபாய் செலவாயிற்று. இவற்றைப் பாராட்ட நாம் தயங்கவில்லை. நல்ல கைகள் வரைந்த நல்ல சித்திரம் அது. ஆனால் சித்திரம் வரையுமுன் சுவர் யாருடையது, சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று பார்த்துக்கொள்வது சித்திரக்காரனுக்கு இல்லாவிடினும் எஜமானனுக்குக் கடமையல்லவா?

அங்கேதான் பிசகு நேர்ந்தது. கூட்டம் கூடும் உயர்ந்த கட்டடத்துக்கும் அதன் அண்டைக் கட்டடத்துக்கும் நடுவே நெருப்பணைக்கும் வண்டி சுற்றி வரவும், அபாய காலத்தில் ஜனங்கள் வெளியேறவும் போதிய இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். புதிய கேலரிகளுக்கும் மதராஸ் கிரிக்கெட் கிளப்பின் உடற்பயிற்சிக் கட்டடத்துக்கும் நடுவே அந்த இடைவெளி இல்லை. விஷயம் மாநகராட்சிக்குப் போயிற்று. நகர வளர்ச்சிக் குழுமத்துக்குப் போயிற்று. நியாயஸ்தலங்களின் படிகளையும் ஏறியது. உலகக் கோப்பை முடிந்து அதிக காலம் ஆகுமுன்பே மூன்று கேலரிகளுக்கும் முத்திரை விழுந்தது. அதன் பிறகு ஏறக்குறைய பத்து வருஷ காலம், ஏதோ ஒரு விசேஷ சந்தர்ப்பம் நீங்கலாக, 12,000 ஆசனங்கள் காக்கைக்கும் புறாவுக்கும் குத்தகைக்கு விடப்பட்டன.

இதன் பொருளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2016 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் பந்தயம் நடந்தது. கருண் நாயர் 303 ரன் குவித்து ஆட்டமிழக்காமல் நின்றார். இந்தியா 7 விக்கெட்டுக்கு 759 ரன் எடுத்தது. அந்த மகத்தான காட்சியைப் பார்த்தவாறு, நாளொன்றுக்கு 12,000 வீதம் ஐந்து நாளில் 60,000 ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன. 2019-ல் ஐ.பி.எல். இறுதி ஆட்டம் சென்னைக்கு உரியதாக இருந்தது. மூன்று கேலரிகளையும் திறக்க அனுமதி கிட்டாமையால் அது ஹைதராபாத்துக்குப் போயிற்று. கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டியது உலகத்தின் ஆட்டங்களை இங்கே அழைப்பதற்காக. கட்டிய விதம் வந்த ஆட்டத்தையும் வெளியே அனுப்புவதற்குக் காரணமாயிற்று. இதைவிடப் பரிதாபமான வினோதம் வேறென்ன வேண்டும்?

சங்கத்தின் தரப்பில் சொல்லக்கூடிய சமாதானங்களையும் நாம் நேர்மையாக எடுத்துக்கொள்கிறோம். முதலாவது, உலகக் கோப்பைக்குக் காலக்கெடு இருந்தது என்பது. காலக்கெடு திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததன்று. உலகக் கோப்பை எந்த வருஷத்தில் என்பது வருஷக் கணக்காகத் தெரிந்த விஷயம். இரண்டாவது, இடைவெளி என்பது வெறும் சாங்கியம், அதற்காக இவ்வளவு பெரிய கட்டடத்தைப் பூட்டி வைக்கலாமா என்பது. இந்தச் சமாதானத்தை நாம் அறவே நிராகரிக்கிறோம். 1985-ல் இங்கிலாந்தின் பிராட்போர்டு கால்பந்து மைதானத்தில் மரக் கேலரி தீப்பற்றி 56 பேர் மாண்டார்கள். 1997-ல் தில்லி உபஹார் சினிமாக் கொட்டகையில் 59 பேர் புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். 2025 ஜூன் 4-ந் தேதி பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தின் வாயில்களில் நெரிசல் உண்டாகி 11 உயிர்கள் போயின. அதை விசாரித்த கமிஷன், பெருங்கூட்டம் கூடுவதற்கு அந்த ஸ்டேடியம் தகுந்ததன்று என்று கண்டது. சட்டப் புஸ்தகத்தில் சாங்கியமாகத் தோன்றுகிற வரியெல்லாம் எங்கோ ஒரு பிணக்குவியலைப் பார்த்து எழுதப்பட்ட வரி. மனிதனுக்கு ஓட வழி வேண்டும் என்பதைவிட அவசியமான கட்டடக் கலை எது?

மூன்றாவது சமாதானம்தான் நமக்கு மிகவும் கசப்பானது. "எல்லோரும் விதியை மீறித்தானே கட்டுகிறார்கள்" என்று சிலர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஆம், சென்னையில் விதி மீறிய கட்டடங்கள் ஏராளம் என்பது வாஸ்தவம். ஆனால் அம்பத்தூரில் ஒரு பட்டறைக்காரன் தன் கொட்டகையை நாலடி முன்னே தள்ளிப் போட்டால் நோட்டீஸ் வருகிறது. அடுத்தபடியாக இடிக்கும் யந்திரம் வருகிறது. ஏரிக்கரையில் குடிசை போட்டவனுக்கு நோட்டீஸைப் படித்துப் பார்க்கவே அவகாசம் கிடைப்பதில்லை. பெரிய ஸ்தாபனத்துக்கு மட்டும் சமரசப் பேச்சு, மறுபரிசீலனை, வக்கீல், வாய்தா என்று பத்து வருஷம் கிடைக்கிறது. சட்டத்துக்குக் கண் கட்டியிருப்பது ஆளைப் பாராமல் நியாயம் வழங்குவதற்காக. சட்டைத் துணியைத் தடவிப் பார்த்து ஆளை அறிந்துகொள்வதற்காக அன்று. சங்கத்தார் செய்தது பெருங்குற்றம் என்று நாம் கூச்சலிடவில்லை. அவர்களுக்குக் கிடைத்த பொறுமையில் பத்தில் ஒரு பங்கு ஏழைக்கும் கிடைக்கட்டும் என்கிறோம். அல்லது ஏழைக்குக் காட்டப்படும் கண்டிப்பில் பாதியாவது அவர்களுக்கும் காட்டப்படட்டும் என்கிறோம்.

கடைசியில் முடிச்சு எப்படி அவிழ்ந்தது? குறுக்கே நின்ற உடற்பயிற்சிக் கட்டடம் அகற்றப்பட்டது; 2021 பிப்ரவரியில் கேலரிகள் திறந்தன. இவ்வளவு எளிதாக முடியக்கூடிய காரியத்துக்கா பத்து வருஷம்? ஒரே வளைவுக்குள் இருக்கும் இரண்டு ஸ்தாபனங்கள், இரண்டும் சர்க்கார் நிலத்தில் நிற்பவை, ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டிய விஷயம். யாரிடத்தில் எவ்வளவு பிடிவாதம் இருந்தது என்று நாம் தராசில் நிறுக்கப் போவதில்லை. இரு யானைகள் மல்லுக்கு நின்றன, மிதிபட்டது புல். அந்தப் புல் பொதுஜனங்கள். நிலத்தின் சொந்தக்காரரான சர்க்காரோ, கட்சிகள் மாறி மாறி வந்தபோதிலும், இருவரையும் அழைத்து முடிவு சொல்லத் தவறியது. அதன் பின்னர் பழைய அண்ணா பெவிலியன் பகுதி இடிக்கப்பட்டு, 139 கோடி ரூபாய்ச் செலவில் புதிய கேலரி கட்டப்பட்டது. கலைஞர் கருணாநிதியின் பெயரைத் தாங்கிய அதை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2023 மார்ச் 17-ந் தேதி திறந்து வைத்தார். ஏறக்குறைய 5,000 ஆசனங்கள் கூடின. கூடியவை யாருக்காகக் கூடின என்பதே அடுத்த கேள்வி.

2021 பிப்ரவரியில் கேலரிகள் திறந்த அதே பந்தயத்தில், இங்கிலாந்துக்கு எதிராக அசுவின் சதம் அடித்தார். எட்டு விக்கெட்டும் எடுத்தார். அதைப் பார்க்க ஒரு நாளைக்குக் குறைந்த டிக்கெட் விலை 100 ரூபாய். 2024 செப்டம்பரில் வங்காள தேசத்துக்கு எதிராக அதே அசுவின் அதே மைதானத்தில் மீண்டும் சதம் அடித்தார். அதைப் பார்க்கக் குறைந்த விலை 1,000 ரூபாய். மூன்றரை வருஷத்தில் பத்து மடங்கு! இதே காலத்தில் எந்தத் தொழிலாளியின் கூலி பத்து மடங்கு ஏறிற்று? எந்தக் குமாஸ்தாவின் சம்பளம் ஏறிற்று? ஐ.பி.எல். பந்தயங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2024-ம் வருஷத்து முதல் ஆட்டத்துக்கு மிகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய். ஆவடியிலிருந்து ஒருவர் மனைவி மக்களுடன் நாலு பேராக வந்தால், ரயில் கட்டணமும் தின்பண்டமும் போக, 6,800 ரூபாய். அதுவும் டிக்கெட் கிடைத்தால்! கணினியின் முன் மின்வெட்டு நேரத்தில் எல்லாம் விற்றுப் போய்விடுகிறது. அதன் பின் கள்ளச் சந்தையில் அது என்ன விலைக்கு மறுபிறவி எடுக்கிறது என்பது சேப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

பராமரிப்புக்குப் பணம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் கிரிக்கெட்டின் கஜானா டிக்கெட் காசினால் நிரம்புவதன்று. 2023 முதல் 2027 வரையிலான ஐந்து வருஷத்து ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. இவ்வளவு பெரிய பிரவாகம் ஓடும்போது, ஏழை ரசிகனின் சட்டைப் பையிலிருந்து ஆயிரம் ரூபாயைப் பிடுங்கித்தான் புல்லுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்றால் யார் நம்புவார்கள்? மேலும், தொலைக்காட்சிக்காரர்கள் விலை கொடுத்து வாங்குவது பதினோரு பேரும் பதினோரு பேரும் ஆடும் ஆட்டத்தை மட்டுமன்று. கேலரியில் எழும் முழக்கத்தையும் சேர்த்தே வாங்குகிறார்கள். ஆளில்லாத மைதானத்தில் ஆடிய ஆட்டங்கள் எவ்வளவு உயிரற்றுத் தோன்றின என்பதைத் தொற்று நோய்க் காலத்தில் உலகமே கண்டது. ஆகவே ரசிகன் இலவசமாகக் கொடுக்கும் குரலை விற்றுக் காசாக்குகிறவர்கள், அந்தக் குரலுக்குடையவனிடமே கூடுதல் காசு கேட்பது விபரீத வியாபாரம்.

இந்த வியாதி நம் ஊரோடு நிற்பதன்று. பிரேசில் தேசத்தில் ரியோ நகரத்து மரக்கானா ஸ்டேடியம் 1950 உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்டது. அங்கே களத்தை ஒட்டி ஏழைகள் நின்று பார்க்கும் 'ஜெரால்' என்ற பகுதி இருந்தது. சொற்பக் காசுக்குக் கூலிக்காரனும் மீன்காரனும் உள்ளே வந்தார்கள். அந்த நகரத்தின் குதூகலமெல்லாம் அங்கிருந்துதான் கிளம்பிற்று. 2005-ல் புதுப்பிப்பின் பெயரால் அது ஒழிக்கப்பட்டது. 2014 உலகக் கோப்பைக்காக மறுபடியும் கோடி கோடியாகச் செலவிட்டார்கள், ஸ்டேடியம் பளபளத்தது, பழைய ஜனங்களைக் காணோம். ஆனால் இதற்கு மாறான உதாரணமும் உண்டு. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் 1890-ல் திறந்த பெவிலியன் அப்படியே நிற்கிறது. அதற்கு எதிரே 1999-ல் கட்டிய நவீனப் பத்திரிகை மண்டபமும் நிற்கிறது. பழையதைப் போற்றுவதும் புதியதைக் கட்டுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அதுவே அத்தாட்சி. வெள்ளைக்காரனிடத்தில் கற்க வேண்டியதைக் கற்றுக்கொள்வதில் வெட்கமில்லை. அவன் விட்டுப் போன மரத்தடி வழக்கத்தை நாம் வேறு பெயரில் காப்பாற்றுவதுதான் வெட்கம்.

இது சங்கத்தின் சொந்த விஷயம், வெளியார் தலையிட முடியாது என்ற வாதமும் செல்லாது. நிலம் சர்க்காருடையது, அதாவது ஜனங்களுடையது. சங்கம் குத்தகைதாரர். 2015-ல் முடிவுற்ற குத்தகை பின்னர் நீட்டிக்கப்பட்டதும் ஜனங்களின் பெயரால் ஆளும் சர்க்காரின் உத்தரவினால்தான். ரசிகன் இறங்கும் சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம் 1995 முதல் பொதுப் பணத்தில் நிற்கிறது. பந்தோபஸ்துக்கு வரும் போலீஸார் பொதுஜன சேவகர்கள். 2005-ல் ஜீ டெலிபிலிம்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மை நீதிபதிகள், கிரிக்கெட் வாரியம் அரசியல் சட்டத்தின் 12-வது பிரிவின்படி 'அரசு' ஆகாது என்றார்கள். ஆனால் அது பொதுக் காரியம் ஆற்றுவதால் 226-வது பிரிவின் கீழ் ஹைகோர்ட்டை நாடத் தடையில்லை என்றும் கூறினார்கள். 2015-ல் பீகார் கிரிக்கெட் சங்க வழக்கில் அதே கருத்து இன்னும் அழுத்தமாக உறுதிப்பட்டது. வாரியத்துக்கே இது நியாயமானால், சர்க்கார் நிலத்தில் குடியிருக்கும் ராஜ்ய சங்கத்துக்கு எப்படி நியாயமில்லாமல் போகும்? குத்தகைதாரன் வீட்டுக்காரனைப் பார்த்து "உள்ளே வராதே, டிக்கெட் எடு, அதுவும் விற்றுத் தீர்ந்தது" என்று சொல்லும் விந்தை வேறெங்கும் நடவாது.

டெஸ்ட் பந்தயங்கள் ஒரு கிளப்பின் தயவில்தான் நடக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்டுகள் மாநகராட்சி ஸ்டேடியத்தில் நடந்தன. 1956 ஜனவரியில் நியூஜீலந்துக்கு எதிராக மங்கத்தும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்து உலக சாதனை செய்தது அங்கேதான். ஜனப் பிரதிநிதிகள் நடத்திய மைதானத்தில் உலகம் வியந்த ஆட்டம் நடக்க முடிந்தது என்பதை மறவாதிருப்போம்.

ஆவடி என்ற பெயர் தேச சரித்திரத்தில் ஒரு தீர்மானத்தோடு பிணைந்தது. 1955 ஜனவரியில் அங்கே சத்தியமூர்த்தி நகரில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சமதர்ம பாணிச் சமுதாயமே நம் லட்சியம் என்று பிரகடனம் செய்தது. அதற்குப் பின் அந்த வட்டாரத்தில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஆட எவ்வளவு இடம் விட்டோம்? திருமுல்லைவாயில் முதலான இடங்களில் தொழிற்சாலைகள் தமக்கென்று வைத்திருக்கும் நல்ல மைதானங்கள் உண்டு. அவற்றின் வேலிக்கு வெளியே இருக்கும் பையன்களுக்கு இருப்பது இன்னும் வீடு எழும்பாத காலி மனை. மனையில் அஸ்திவாரம் தோண்டினால் ஆட்டம் அடுத்த தெருவுக்குப் போகிறது. அங்கேயும் தோண்டினால் ஆட்டமே போகிறது. சேப்பாக்கத்தில் ஒரு கேலரிக்குச் செலவிட்டதில் சிறு பகுதி இருந்தாலும் இந்த மூன்று ஊர்களிலும் பல மைதானங்களுக்கு வேலியும் தண்ணீரும் பிட்சும் அமைத்துவிடலாம். அடுத்த அசுவின் எந்தக் காலி மனையில் பந்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறானோ, யார் கண்டார்கள்?

ஆகையால் நாம் சில கோரிக்கைகளைச் சர்க்காரின் முன்னும் சங்கத்தின் முன்னும் வைக்கிறோம். முதலாவதாக, குத்தகையின் முழு ஷரத்துகளும், வாடகையும், கட்டட அனுமதியும், தீயணைப்பு இலாகாவின் சான்றும், எத்தனை பேர் எவ்வளவு நிமிஷத்தில் வெளியேற முடியும் என்ற விவரமும், வாலாஜா சாலை வாயிலிலும் பட்டாபிராமன் வாயிலிலும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு ஆட்டத்திலும் மூன்றில் ஒரு பங்கு ஆசனங்கள் ஒரு சாதாரணத் தொழிலாளி எட்டக்கூடிய விலைக்கு ஒதுக்கப்பட வேண்டும். அவற்றில் ஒரு பகுதி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற புறநகர்களில் ஜன்னல் வைத்து, ஆளைப் பார்த்து, நேரில் விற்கப்பட வேண்டும். பூந்தமல்லிக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் மெட்ரோ ரயில் வழி வகுத்திருக்கிறார்கள். ரயிலில் கடற்கரைக்கு வரக்கூடியவன் மைதானத்துக்குள்ளும் வரக்கூடியவனாக இருக்க வேண்டும். மூன்றாவதாக, இனி ஒரு செங்கல் வைப்பதானாலும் அனுமதி முதலில், அஸ்திவாரம் பிறகு என்ற ஷரத்து குத்தகையிலேயே ஏற வேண்டும். வரைபடத்தை ஜனங்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். நான்காவதாக, குத்தகைப் பணம் பொதுக் கஜானாவில் கரைந்துவிடாமல், புறநகர் மைதானங்களுக்கென்று தனி நிதியாக ஒதுக்கப்பட வேண்டும்.

இவை அசாத்தியமான கோரிக்கைகளா? சட்டசபை அங்கத்தினர்கள் ஒரு மாலை நேரம் மனம் வைத்தால் முடியக்கூடியவை. அவர்கள் மனம் வைக்குமாறு செய்வது நம் வாசகர்களின் கடமை. வார்டு சபைகளிலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புங்கள். விளையாட்டு விஷயம் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உப்பு விஷயத்துக்கும் ஒரு காலத்தில் சிரித்தார்கள்.

1999 ஜனவரி 31-ந் தேதி சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் இந்தியாவை 12 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. சச்சின் 136 ரன் எடுத்தும் கைக்கெட்டிய ஜயம் நழுவிப் போயிற்று. அந்த வேதனையின் நடுவில், மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் ஆட்டக்காரர்களுக்கு அந்தக் கூட்டம் எழுந்து நின்று கரகோஷம் செய்தது. எதிரியின் திறமைக்கு எழுந்து நிற்கத் தெரிந்த ஜனங்கள் என்று உலகம் சென்னையைப் போற்றியது. சேப்பாக்கத்துக்கு உலகில் உள்ள கீர்த்தி அதுவே. அதை லண்டன் சிற்பி வரையவில்லை. எந்தக் குத்தகைப் பத்திரத்திலும் எழுதவில்லை. 139 கோடிக்கும் 175 கோடிக்கும் அது விலைக்கு வராது. அன்று எழுந்து நின்றவர்களில் எத்தனை பேருக்கு இன்று உள்ளே உட்கார ஓர் இடம் இருக்கிறது என்று சங்கத்தார் எண்ணிப் பார்க்கட்டும். வெள்ளைக்காரன் நிறத்தைப் பார்த்து மரத்தடிக்கு அனுப்பினான். நாம் பணப் பையைப் பார்த்து வாயிலுக்கு வெளியே நிறுத்துகிறோம். புச்சி பாபு முன்னதைச் சகிக்கவில்லை. நாம் ஏன் பின்னதைச் சகிக்க வேண்டும்?